பத்து ஞாயிறு

அக்டோபர் 27, ஞாயிறு

அண்ணிக்குக் காலைச் சர்க்கரை 162. மேல் மாடி வங்காளி மாமி, மாஷிமா, கொடுத்த சந்தேஷ் இனிப்பில் இரண்டை உள்ளே தள்ளியிருக்கிறார். கேட்டால், "நானா? எறும்பு தின்னிருக்கும்" என்கிறார். ஞாயிறு ஏழு மணிக்கு அவர் விரலில் ஊசி குத்துவது என் வேலை. வருகிற எண்ணை ஸ்கோர் புக்கின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு அவரே எழுதிக்கொள்வார்.

ஈரோட்டிலிருந்து, தம்பி வீட்டில் இருக்கலாம் என்று இரண்டு வருடம் முன்பு இந்த வங்காளி ஊருக்கு வந்தவர். எங்கள் ஆபீஸ் பெண்கள் டீமுக்கு ஸ்கோர் எழுத ஆளில்லை என்று நான் புலம்பியதைக் கேட்டு, ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டார். மெய்டன் ஓவருக்கும் வைடுக்கும் வித்தியாசம் தெரியாத என் கணவர் செந்திலுக்கு இப்படி ஒரு அக்கா. டீமில் எல்லாருக்கும் அவர் பிஷி. என் மகள் மஹிமா அத்தையை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகிவிட்டார்கள்.

சர்க்கரை பார்த்துவிட்டுத் தரையிலிருந்து எழுந்தேன். எழ முடியவில்லை. இடது மூட்டு பாதியில் நின்றுவிட்டது. சோபாவைப் பிடித்துத்தான் மேலே வந்தேன்.

"என்ற வியாதி உனக்கும் வந்துருச்சா அம்மிணி" என்று அண்ணி சிரித்தார். அவருக்கு அறுபத்தொன்று. எனக்கு நாற்பத்தாறு. நான் சிரிக்கவில்லை.

அக்டோபர் 30

எலும்பு டாக்டர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டி, "இங்கே இடைவெளி இருக்க வேண்டும், இல்லை" என்றாள். மூட்டுத் தேய்மானம், இடது கால் மோசம். இருக்காதா? பதினாறு வயதிலிருந்து ஒவ்வொரு பந்துக்கும் என் முழு எடையும் இறங்குகிற கால் அது.

தொடைக்குப் பயிற்சி செய்ய வேண்டுமாம். ஐஸ் வைக்க வேண்டும், எடையில் ஆறு கிலோ போக வேண்டும், டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். வலி மாத்திரை சாப்பிட்ட பிறகு மட்டும், அதுவும் தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் கூடாது. வாரத்துக்கு நாலு ஓவர். அதற்கு மேல் போட்டால் இரண்டு வருடத்தில் செயற்கை மூட்டு.

"இன்னும் எதற்கு ஆடுகிறீர்கள்?" என்று வேறு கேட்டாள். நல்லா வருது, அதான் ஆடறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? கரக்பூர் காலனியில் அப்பாவின் சாயம் போன சட்டையைப் போட்டுக்கொண்டு பந்து போட்டவள். இந்த வேலையே பந்து போட்டதற்குக் கிடைத்தது. இருபத்தேழு வருடமாக என் மேசைக்கு வந்த எல்லா ஃபைலையும் வேறு எவளும் பார்த்திருப்பாள். என் பந்தை வேறு எவளாலும் போட முடியாது.

ஏப்ரலிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆபீஸ் டீமில் இடமில்லை என்று சர்க்குலர் வந்திருக்கிறது. இது கடைசி சீசன். பதினோரு வருடமாக நாங்கள் அரையிறுதியைத் தாண்டியதில்லை. நாலு ஓவராம்.

நவம்பர் 3, ஞாயிறு

அண்ணி 158. நான் இரண்டு வேளை ஐஸ், மூன்று வேளை காலைத் தூக்கித் தூக்கி இறக்கல். ஃப்ரிட்ஜில் உறைந்த பட்டாணிப் பையை மூட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது கோலம்.

நவம்பர் 10, ஞாயிறு

முதல் மேட்ச். ஏழரைக்கு மைதானத்தில் இருக்க வேண்டும் என்று ஆறு மணிக்கே பெஹாலாவிலிருந்து கிளம்பிவிட்டோம். அண்ணிக்குச் சர்க்கரை பார்க்கவில்லை. சாயங்காலம் பார்க்கலாம்.

ரன்-அப்பைப் பதினான்கு காலடியிலிருந்து எட்டாகக் குறைத்தேன். டேப்பும் ஒட்டியிருந்தேன். மூன்றாவது ஓவரில் கால் ஊன்றியதும் மூட்டுக்குள் ஏதோ அரைபட்டது. அடுத்த இரண்டு பந்தும் இடுப்புக்கு மேலே. கேப்டன் சுப்ரியா ஓடிவந்து என் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு, "ஜயாதி, ஆர் நா" என்றாள். ஜெயா அக்கா, போதும் என்கிறாள். முப்பத்தொரு வயதுப் பெண் என்னிடம் போதும் என்கிறாள். அவள் கேட்டது நியாயம்தான், அதனால்தான் இன்னும் ஆத்திரம்.

வீட்டுக்கு வந்து மூன்று மாடியும் அண்ணியும் நானும் ஆளுக்கொரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அண்ணி உட்கார்ந்தார். அதற்காகவே அவர் வாரத்தில் ஒரு நாள், மேட்சுக்கு மட்டும்தான் கீழே இறங்குவது. மீதி ஆறு நாளும் ஜன்னல்.

சர்க்கரை பார்க்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 14

ஆபீஸில் ரமேஷ்பாபு ஒரு பொடி பற்றிச் சொன்னார். அவர் மனைவி ஆறு மாதம் படுக்கையில் கிடந்தவள், இப்போது துர்கா பூஜைக்கு ஒன்பது பந்தல் நடந்தே பார்த்தாளாம். பெஹாலாவிலேயே ஒரு சந்தில் கொடுக்கிறார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. விலாசம் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 16

போனேன். ஒரு அறை, ஒரு மேசை, சுவரில் காளி. வாசலில் முப்பது பேர், எல்லாரும் என்னைப் போலக் காலை இழுத்துக்கொண்டு வந்தவர்கள். நிமாய் பாபு என்று பெயர், மூக்குக் கண்ணாடிக்காரர். மூட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பழைய பேப்பரில் மடித்த முப்பது பொட்டலம். காலையில் சாப்பிட்டதும் ஒன்று.

என்ன இருக்கிறது இதில் என்று கேட்டேன். "ஷப் காச்-காச்டா, தீதி. கெமிக்கல் கிச்சு நேய்" என்றார். எல்லாம் செடி கொடி, மருந்து ஒன்றும் கலக்கவில்லையாம்.

செந்திலிடம் சொல்லவில்லை. சொன்னால் ரிப்போர்ட் எங்கே, சீட்டு எங்கே என்று ஆரம்பித்துவிடுவார், பாங்க்கில் லோன் பேப்பர் பார்க்கிற மாதிரி. பொட்டலங்களைப் பெருங்காய டப்பாவில் போட்டு வைத்தேன். அந்த நாற்றத்துக்கு யாரும் திறக்க மாட்டார்கள்.

நவம்பர் 19

வலி இல்லை.

நவம்பர் 21

இன்றும் இல்லை. மூன்று மாடியும் இறங்கி, ஏறி, வேண்டுமென்றே இன்னொரு முறை இறங்கினேன். எப்போதும் ஒரு சத்தம் கேட்கும் மூட்டில், அது கேட்கிறது. வலி மட்டும் இல்லை. இப்படிக்கூட இருக்குமா? கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஞாயிறு மேட்ச்.

நவம்பர் 24, ஞாயிறு

ரன்-அப் பழையபடி பதினான்கு. எட்டு ஓவர், மூன்று விக்கெட். கடைசி விக்கெட் உள்ளே திரும்பி ஸ்டம்பில் பட்டபோது சுப்ரியா பந்தைத் துடைத்துத் துடைத்து என் கையில் கொடுத்தாள். அது போதும் எனக்கு.

ஐஸ், டேப், தொடைப் பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. எதற்கு?

நவம்பர் 27

அண்ணி கண்டுபிடித்துவிட்டார். வீட்டில் யார் கண்ணில் மண்ணைத் தூவினாலும் அவர் கண்ணில் முடியாது. நான் சமையலறையில் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"கால் நோவுக்குப் பொடி தானே அம்மிணி அது?"

ஆமாம் என்றேன். அவர் அங்கேயே நின்றுகொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "எனக்கும் குடேன். ஒருக்கா அந்த லேக் மார்க்கெட்டு வரைக்கும் நடந்து போயிட்டு வரோணும். வந்து ரெண்டு வருசமாச்சு, இந்த ஊர்ல சன்னலத் தவிர என்னத்தக் கண்டேன்?"

சர்க்கரைக்காரர் ஆயிற்றே என்று நிமாய் பாபுவுக்குப் போன் செய்தேன். "நிர்பயே தின்." பயமில்லாமல் கொடுங்கள் என்கிறார். யாரையாவது கேட்க வேண்டும் என்று தோன்றியது, கேட்டுவிட்டேன். அப்படித்தானே?

டிசம்பர் 4

அண்ணி உட்காராமல் மூன்று மாடி ஏறினார். மேலே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும். செந்தில் ஆபீஸிலிருந்து வந்ததும் அக்கா கதவைத் திறந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "டாக்டர் சொன்ன பயிற்சிதான்" என்று நான் முந்திக்கொண்டேன். அண்ணி என்னைப் பார்த்தார், பிறகு தம்பிக்குக் காப்பி போடப் போனார்.

டிசம்பர் 7

சனிக்கிழமை. இருவரும் பஸ் ஏறி லேக் மார்க்கெட். முருங்கைக்காய், நல்லெண்ணெய், அப்பளம். கடைக்காரரிடம் தமிழில் பேரம் பேசி அண்ணி அடித்த கூத்து. இரண்டு வருடத்து நடையை ஒரே நாளில் நடந்துவிட வேண்டும் என்கிறது போல நடந்தார். செருப்பு தேய்ந்திருந்ததால் கரியாஹாட் நடைபாதையில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தேன். சேலைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு, "இப்ப நானும் பிளேயர்தான்" என்றார்.

பொட்டலம் தீரத் தீர நிமாய் பாபுவிடம் போய் வாங்கி வருகிறேன். இந்தப் பொடி தப்பு என்று யாராவது சொன்னால் அவர்களை அண்ணியின் முகத்தைப் பார்க்கச் சொல்வேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

நாலு விக்கெட். அண்ணி செய்த புளிசாதம் பதினோரு பேருக்கும் போதவில்லை. இடைவேளையில் மைதானத்தை ஒரு முழுச் சுற்று நடந்தார், ஷூவோடு.

டிசம்பர் 13

மஹிமா காலேஜிலிருந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். "மா, உன் முகம் கோல்-கோல் ஆயிடுச்சு. பிஷிக்கும். ரெண்டு பேரும் என்ன சாப்பிடறீங்க?" என்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன். ஆமாம், முழு நிலாவாகத்தான் இருக்கிறது. பசி கொல்கிறது, அதனால் இருக்கும். தூக்கம் சரியாக இல்லை. கையில் எங்கே இடித்தாலும் நீலம் கட்டுகிறது. விளையாடுகிறவளுக்கு நீலம் கட்டாமல்?

டிசம்பர் 18

குளியலறையில் எறும்பு. சுவரோரம் வரிசையாக வந்து கழிப்பறைப் பீங்கானைச் சுற்றி மொய்த்திருக்கிறது. ஃபினாயில் ஊற்றிக் கழுவினேன்.

டிசம்பர் 19

மறுபடி எறும்பு. இந்தக் குளிரில் எறும்பு எங்கிருந்து வருகிறது?

அண்ணி தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். "தண்ணி தவிக்குது அம்மிணி, ஊறுகா காரமா இருக்கும்." சர்க்கரை பார்த்துவிடலாம் என்று கருவியை எடுத்தேன். பேட்டரி தீர்ந்திருக்கிறது. எத்தனை நாளாக? நவம்பர் மூன்றுக்குப் பிறகு நான் அதைத் தொடவே இல்லை. ஞாயிறு எல்லாம் மேட்ச், மேட்ச் இல்லாத ஞாயிறு பிராக்டிஸ். பேட்டரி வாங்க வேண்டும்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஜெயித்தோம். அண்ணிக்கு ஷூ கடித்திருக்கிறது, இடது கால் சுண்டு விரலில் சின்னக் கொப்புளம். களிம்பு போட்டேன். இரண்டு நாள் ஷூ வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா?

டிசம்பர் 29, ஞாயிறு

ஐந்து விக்கெட். ஐந்து. இருபத்திரண்டு வயதில்கூட இரண்டே முறைதான் எடுத்திருக்கிறேன். அரையிறுதி ஜனவரி 12, ஜெயித்தால் 19-ஆம் தேதி இறுதி. அண்ணி என் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார்.

கால் எப்படி இருக்கிறது என்றேன். "ஆறிப் போச்சு" என்று காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

ஜனவரி 2

ஆபீஸ் மருத்துவப் பரிசோதனை. ரத்த அழுத்தம் 160-க்கு 100. சர்க்கரை 190. எனக்கு. சர்க்கரையே இல்லாத குடும்பம் எங்களுடையது.

டாக்டர் சீட்டை எழுதாமல் என் முகத்தையே பார்த்தார். வயதானவர், வங்காளி, நிதானமாகப் பேசுகிறவர். ஏதாவது பொடி, லேகியம், வைத்தியர் கொடுத்தது என்று சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடி கேட்டார். மூட்டு வலிக்கு என்று சிலர் பொடியில் ஸ்டீராய்டைக் கலந்து விற்கிறார்கள், முகம் இப்படித்தான் உருண்டு போகும், சர்க்கரை எகிறும், புண் ஆறாது என்றார். "சாப்பிட்டிருந்தால் சொல்லுங்கள். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும்."

இல்லை டாக்டர் என்றேன். மூன்றாவது முறை.

சர்க்கரை இல்லாத எனக்கே 190. அண்ணிக்கு?

ஜனவரி 3

ஒரு வழி இருக்கிறது. திடீரென்று நிறுத்தக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். ஆகவே இன்றைக்கே நிறுத்துவது தப்பு. அரையிறுதி 12-ஆம் தேதி. 13-ஆம் தேதி திங்கள், நானும் அண்ணியும் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். பத்து நாள். ஆறு வாரமாகச் சாப்பிடுகிறோம், பத்து நாளில் என்ன ஆகிவிடும்?

எழுதியதைத் திரும்பப் படித்தேன். நன்றாகத்தான் கணக்குப் போடுகிறாய், ஜெயா.

ஜனவரி 6

பேட்டரி வாங்கிவிட்டேன். கிட் பையில் இருக்கிறது.

ஜனவரி 8

பேட்டரி பையிலேயே இருக்கிறது. போட்டால் எண் வரும். வந்தால் அதைப் பார்க்க வேண்டும். பார்த்தால் செந்திலிடம் சொல்ல வேண்டும். சொன்னால் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் கிடையாது.

"மிசினு என்னாச்சு அம்மிணி? ரொம்ப நாளாச்சே" என்று அண்ணி கேட்டார். பேட்டரி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்றேன்.

ஜனவரி 12, ஞாயிறு

ஜெயித்தோம். கடைசி ஓவரில் எட்டு ரன் தேவை அவர்களுக்கு. சுப்ரியா என்னிடம்தான் பந்தைக் கொடுத்தாள். மூன்று ரன்தான் கொடுத்தேன். எல்லாரும் என்மேல் விழுந்தார்கள். பதினோரு வருடம். சந்தோஷமாகத்தான் எழுத வேண்டும் இதை.

டென்ட்டுக்குள் ஒரு நாற்றம். எலி செத்திருக்கிறது என்று பெண்கள் கிட் பைகளையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுத் தேடினார்கள். பெஞ்சுக்கு அடியில், பாய்க்கு அடியில், எங்கேயும் இல்லை. அண்ணி மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டல் போட்டுக்கொண்டிருந்தார், காலை உள்ளே இழுத்துக்கொண்டு, ஷூவோடு. அவர் எழுத்து கோட்டை விட்டுச் சாய்ந்து சாய்ந்து போயிருந்தது. குளிருகிறது என்று என் ஸ்வெட்டரையும் வாங்கிப் போட்டிருந்தார். மத்தியான வெயிலில்.

டாக்ஸியிலும் அதே நாற்றம் வந்தது. என் பையில்தான் எலி இருக்கிறது போல என்று சொன்னேன். அண்ணி ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஜனவரி 13

அண்ணிக்கு மேலுக்கு முடியவில்லை. போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். இன்று டாக்டரிடம் போவதாக இருந்தது. நாளைக்குப் பொங்கல். புதன்கிழமை போகலாம் என்று நானே சொன்னேன். 19-ஆம் தேதி இறுதி ஆட்டம் என்பது என் மண்டையில் இருந்தது. இருந்தது. எதற்கு மறைக்க வேண்டும், இதில்கூடவா?

ஜனவரி 14, பொங்கல்

பால் பொங்கும்போது அண்ணி அடுப்படியிலேயே விழுந்தார். செந்தில் தூக்கினார். ஷூ. வீட்டுக்குள்ளேயும் ஷூ போட்டிருந்தார். மஹிமா கழற்றினாள். சாக்ஸ் வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் கறுப்பு. மூன்று விரலும். பாதம் வீங்கி — அந்த நாற்றம். அந்த எலி.

ஆஸ்பத்திரியில் கருவி எண்ணே காட்டவில்லை. அளவுக்கு மேலே என்று மட்டும் காட்டியது.

ஜனவரி 15

ரத்த அழுத்தம் ஏறவில்லை. என்னென்னவோ ஏற்றுகிறார்கள், ஏறவில்லை, காரணம் தெரியவில்லை என்கிறார் டாக்டர். மத்தியானம் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, வேறு என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டார். செந்தில் சர்க்கரை மாத்திரையின் பெயரைச் சொன்னார். அண்ணிக்கு நினைவு இருந்தது. மஹிமா கேட்டாள். அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே, "வேற ஒண்ணுந் திங்கலைன்னு சொல்லு கண்ணு" என்றார்.

நான் நின்றேன். வாயில் நாக்கு இருந்தது. சொல்லவில்லை.

ஏன்டி சொல்லல? செத்துப் போயிட்டா என்னடி பண்ணுவ? ஏன் சொல்லல?

ஜனவரி 16

காலையில் பெருங்காய டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். எல்லார் முன்னாலும் டாக்டர் மேசையில் கொட்டினேன். ஒன்பது பொட்டலம். நவம்பர் கடைசியிலிருந்து, தினம் ஒன்று என்றேன். நேற்று மத்தியானம் அவர் கேட்டதற்கும் இதற்கும் நடுவில் பதினெட்டு மணி நேரம்.

டாக்டர் என்னைத் திட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை, உள்ளே ஓடினார். தினமும் ஸ்டீராய்டு போன உடம்பு, அது திடீரென்று நின்றதும் ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது, காரணம் தெரியாமல் ஒரு நாள் வீணாகிவிட்டது என்றார்கள். ஊசி போட்டார்கள். சாயங்காலம் ஏறியது. எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், மாத்திரை, வாரா வாரம் குறைக்க.

செந்தில் கத்துவார் என்று நினைத்தேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அக்கா நடக்கறதப் பாத்து பழனிக்கு மொட்டை போடறேன்னு வேண்டிக்கிட்டேன் ஜெயா." அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

ஜனவரி 18

எடுத்துவிட்டார்கள். இடது கால். மூட்டுக்கு நாலு விரற்கடை கீழே.

ஜனவரி 19, ஞாயிறு

சுப்ரியாவுக்கு வியாழனன்றே சொல்லிவிட்டேன். பத்துப் பேரோடு ஆடி, பதினாலு ரன்னில் தோற்றார்களாம். ஸ்கோர் எழுத ஆளில்லாமல் எதிர் டீமின் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்களாம்.

எல்லாம் கேள்விப்பட்டும் சுப்ரியா சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தாள். நான் பழத்தை உரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 27

மாத்திரை குறையக் குறைய வலி திரும்பி வருகிறது. முன்பு இருந்ததைவிட அதிகம். எலும்பு டாக்டர் புது எக்ஸ்ரே பார்த்தாள். வலி தெரியாமல் மேட்சும் பிராக்டிஸுமாக எழுபது ஓவர் போட்டிருக்கிறேன், அதுவும் முழு ரன்-அப்பில். மூட்டுக்குள் மிச்சமிருந்ததையும் அரைத்துவிட்டீர்கள் என்றாள். சரி என்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டார். சரஸ்வதி பூஜை, தெரு முழுக்க ஒலிபெருக்கி, மஞ்சள் சேலைப் பெண்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் நாற்காலியில் உட்காரவைத்து மூன்று மாடி தூக்கி வந்தார்கள். கட்டிலில் படுக்கவைத்ததும் அவர் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"நோவெடுத்த மூட்ட விட்டுப்போட்டு, நல்லாருந்த காலக் கொண்டுபோயிட்டானுக பாரு" என்றார். மஹிமா சிரித்துவிட்டாள், பிறகு வெளியே போய் அழுதாள்.

சர்க்கரை 171.

பிப்ரவரி 9, ஞாயிறு

கட்டு மாற்ற நர்ஸ் வருவதில்லை, நான்தான். கட்டில் உயரத்துக்குத் தரையில் மண்டி போட வேண்டும். இடது மூட்டை மடக்கும்போது கண் இருட்டுகிறது. மடக்கிக்கொள்கிறேன்.

கட்டை அவிழ்க்கும்போது கேட்டேன். "அண்ணி, கால் அப்படி ஆனது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வருசம் பொறந்தப்பவே தெரியும். வெரலு கறுத்துப் போச்சு. உங்கிட்டச் சொன்னா மேட்ச விட்டுப்போட்டு ஆசுபத்திரிக்கு இழுத்துட்டுப் போவ. பதினோரு வருசமாத் தாண்டலைன்னு சொன்னியல்லோ. பன்னெண்டாந் தேதி முடியட்டும், அப்பறஞ் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

பன்னிரண்டாம் தேதி முடியட்டும். அதே பன்னிரண்டாம் தேதி. நான் மேட்சை விட்டுவிடுவேன் என்று நினைத்திருக்கிறார், என்னைப் பற்றி.

புதுப் பஞ்சை வைத்துக் கட்டினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஏழு மணிக்குக் காப்பியும் கருவியுமாகப் போனேன். அண்ணி தலையணையில் சாய்ந்து, ஸ்கோர் புக்கின் கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். விட்டுப்போன கட்டங்களை இன்றைக்குத்தான் போட்டிருக்கிறார். நவம்பர் 3-இல் 158. அதற்குப் பிறகு நவம்பர் 10 முதல் ஜனவரி 12 வரை பத்து ஞாயிறு, தேதி மட்டும் எழுதி, காலிக் கட்டம். அடுத்த இரண்டில் ஆஸ்பத்திரி என்று எழுதியிருந்தார்.

"சும்மா விட்டா கணக்கு நிக்காது அம்மிணி. பேட்டரி தீந்துச்சுன்னு எழுதிரவா?"

பேனாவைக் கொடுங்கள், நான் எழுதுகிறேன் என்றேன். முதல் எட்டில் 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். ஜனவரி 5-இல், 'ஆபீஸ் டாக்டர் 2-ஆம் தேதியே சொன்னார், பார்க்கவில்லை' என்று எழுதினேன். ஜனவரி 12 கட்டம் சின்னது. அதில் பொடி எழுத்தில் எழுதினேன்: 'பேட்டரி 6-ஆம் தேதி வாங்கினேன். மேட்சுக்காகப் போடவில்லை.'

புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. காப்பியில் ஆடை படிந்தது. கீழே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். அண்ணி என்னைப் பார்க்கவில்லை.

பிறகு விரலை நீட்டினார். குத்தினேன். 144 வந்தது. அவரிடம் சொன்னேன், அவரே எழுதிக்கொண்டார்.

இன்று முழுவதும் அவர் என்னை அம்மிணி என்று கூப்பிடவில்லை.